டச்சுக் கம்பெனியின் பொறியாளர்களைத் தேடி ஹேக் காப்பகம் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையை அளந்தவர் யார், வரைந்தவர் யார், அந்த வரைபடத்துக்குப் பணம் ஒதுக்கலாம் என்று முடிவெடுத்தவர் யார் என்று தேடி நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். மூன்று வாரப் பயணம். முதல் எட்டு நாளில் உருப்படியாக ஒரு தாளும் கையில் சிக்கவில்லை. பட்டியலில் 'பொறியாளர்', 'கோட்டை', 'நாகப்பட்டினம்' என்ற சொற்களைப் போட்டுத் தேடிக்கொண்டே இருந்தேன். தவறு அங்கேதான் இருந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்கள் நிபுணர்களின் பெயரால் அடுக்கப்படவில்லை. யார் யாருக்குக் கீழே, யார் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற அதிகார வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எட்டு நாளும் அதற்கான விடுதி வாடகையும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நில அளவையாளர், கோட்டைப் பொறியாளர், கடல் வரைபடம் வரைந்தவர், வெடிமருந்து தயாரித்தவர் என்று கம்பெனிக் காலத்துத் தொழில்நுட்ப ஆட்களில் யாரைத் தேடுவதாக இருந்தாலும் இந்த வழி உதவும்.

1. காகிதம் போன பாதையை வரைந்து சுவரில் ஒட்டுங்கள்

கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு மாலை நேரம் போதும். ஆனால் இதைச் செய்யாமல் போனால் மற்ற எல்லாமே தடுமாறும்.

நாகப்பட்டினத்தில் ஒரு பொறியாளர் கோட்டைச் சுவரைப் பற்றி அறிக்கை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நேராக ஆம்ஸ்டர்டாமுக்கு எழுதிவிட முடியாது. அறிக்கை முதலில் சோழமண்டலக் கரையின் ஆளுநரிடமும் அவருடைய ஆலோசனைக் குழுவிடமும் போகும். அந்தக் குழுவில் பெரும்பாலும் 'தலைமை வணிகர்', 'வணிகர்' என்ற பதவிக்காரர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். சுவரின் கனம் தெரிந்தவர் வெளியே நிற்பார், மிளகும் துணியும் தெரிந்தவர்கள் உள்ளே வாக்களிப்பார்கள். குழு முடிவெடுத்ததும் ஆளுநர் அதைத் தன் கடிதத்தோடு இணைத்து, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அனுப்புவார். அங்கே தலைமை ஆளுநரும் அவர் குழுவும் பார்த்துவிட்டு, தங்கள் பொதுக் கடிதத்தோடு நெதர்லாந்துக்கு அனுப்புவார்கள். கடைசியாக 'பதினேழு கனவான்கள்' என்ற இயக்குநர் சபையின் மேசைக்கு அது வந்து சேரும். அதில் கம்பெனியின் ஆம்ஸ்டர்டாம் கிளைக்கு 8 இடம், சீலாந்துக்கு 4, டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹைசன் நகரங்களுக்குத் தலா 1. பதினேழாவது இடம் ஆம்ஸ்டர்டாம் அல்லாத கிளைகளுக்கு முறை வைத்துப் போனது.

ஆகவே பொறியாளரின் அறிக்கையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அவருக்கு மேலே இருந்த ஆளுநர் யார், எந்த ஆண்டு என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். நாகப்பட்டினம் கம்பெனியின் கைக்கு வந்தது 1658இல். சோழமண்டலத் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாறியது 1690இல். 1781இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். இந்த மூன்று ஆண்டுகளையும் கோட்டின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். 1690க்கு முந்தைய முடிவுகளைப் பழவேற்காட்டிலிருந்து வந்த கடிதங்களில்தான் தேட வேண்டும். நாகப்பட்டினம் என்ற தலைப்பின் கீழ் மட்டும் தேடினால் வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

இதில் ஏமாந்துபோக ஒரு பெரிய இடம் இருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த கடிதக் கட்டுகள், எழுதப்பட்ட ஆண்டுப்படி அல்ல, நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்த ஆண்டுப்படி பட்டியலிடப்பட்டிருக்கின்றன. 1688இல் எழுதிய கடிதம் 1689ஆம் ஆண்டுக் கட்டில் இருக்கும். சில சமயம் இன்னும் தள்ளியும் போகும். மேலிடத்துப் பதில் திரும்பி வருவதற்குள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஓடிவிடும். எனவே ஒரு வேலைக்கான கோரிக்கை, முடிவு, கண்டிப்பு மூன்றையும் பார்க்க, நீங்கள் நினைத்த ஆண்டோடு குறைந்தது மூன்று ஆண்டு கூட்டிக்கொண்டு தேடுங்கள்.

2. எந்த வகைக் காகிதம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் படிக்க முடியாது. ஹேக்கிலுள்ள கம்பெனி ஆவணங்கள் மட்டும் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீள அலமாரியை நிறைக்கின்றன. தொழில்நுட்ப ஆட்களைத் தேடுகிறவருக்கு நான்கு வகை போதும்.

ஆளுநர் பதவி மாறும்போது, போகிறவர் வருகிறவருக்கு எழுதி வைக்கும் ஒப்படைப்புக் குறிப்பு முதலாவது. இதில் கோட்டைகளின் நிலை, பாதியில் நிற்கும் வேலை, யார் திறமைசாலி, யார் குடிகாரர் என்பதுவரை வரும். புதிதாக வருகிறவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது ஆலோசனைக் குழுவின் தீர்மானங்கள். நிபுணர் என்ன சொன்னார், குழு அதில் எதை வெட்டியது என்பது அருகருகே தெரியும் இடம் இது. மூன்றாவது, தேவைப்பட்டியல். எத்தனை ஆள், எவ்வளவு இரும்பு, என்னென்ன கருவி வேண்டும் என்று மேலே அனுப்பிய கோரிக்கை அது. நான்காவது, சம்பளப் பட்டியல்.

சம்பளப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் ஏறியபோது ஒருவர் என்ன பதவியில் சேர்ந்தாரோ அதுதான் கப்பல் சம்பளப் புத்தகத்தில் இருக்கும். சிப்பாயாகக் கப்பல் ஏறி, இங்கே வந்து அளவையாளர் ஆனவரை 'அளவையாளர்' என்று தேடினால் கிடைக்கமாட்டார். கப்பல் பணியாளர்களின் பெயர்த் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுக்கு உதவும். அதில் பெயரையும் சொந்த ஊரையும் வைத்துத் தேடுங்கள், பதவியை விட்டுவிடுங்கள்.

3. பயணம் தேவைதானா என்று பாருங்கள்

ஹேக்கிலுள்ள கம்பெனி ஆவணங்களில் மிகப் பெரும்பகுதி இப்போது படமாக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் முதல் நாள் முன்பதிவு செய்த கட்டுகள் எல்லாமே ஏற்கெனவே இணையத்தில் இருந்தவை. படம் இருந்தால் பொதுவாக மூலத்தைக் கையில் தரமாட்டார்கள். சென்னையில் என் அறையில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டியதை, கடல் கடந்து போய் அங்கே கணினித் திரையில் பார்த்தேன்.

இன்னொரு பெரிய வசதியும் உண்டு. ஆசியாவிலிருந்து வந்த கடிதங்களில் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களைக் கணினியைக் கொண்டு எழுத்துப்பெயர்த்து, அதாவது கையெழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றி, சொல்லைப் போட்டுத் தேடும்படி குளோபலைஸ் என்ற திட்டத்தின் கீழ் வெளியிட்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை. இதில் குறைந்தது இரண்டு மாதம் செலவழியுங்கள். ஆனால் இதில் இருப்பது ஆசியாவிலிருந்து *வந்த* காகிதம். பதினேழு கனவான்களின் தீர்மானப் புத்தகங்களை இதில் தேட வேண்டாம், அவற்றைத் தனியாகப் படங்களில் புரட்ட வேண்டும். கேள்வி கேட்டவனின் குரல் மட்டும் கிடைத்து, பதில் சொன்னவனின் குரல் கிடைக்காமல் பலர் பாதியில் நின்றுவிடுவது இதனால்தான்.

கொச்சியைச் சேர்ந்த டச்சு ஆவணங்கள் பெரும்பாலும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கின்றன. யாழ்ப்பாணம் உள்ளிட்ட இலங்கைப் பகுதிக் காகிதங்களுக்குக் கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். உங்கள் கேள்வி மலபார் பக்கமோ இலங்கைப் பக்கமோ என்றால் முதலில் அங்கே போங்கள், செலவு பல மடங்கு குறையும்.

சரி, அப்படியானால் ஹேக்குக்கு எதற்குப் போக வேண்டும்? வரைபடத்தின் மூலத்தாளைப் பார்க்க, படமாக்கப்படாத தனியார் தொகுப்புகளைப் பார்க்க, அங்குள்ள காப்பக அலுவலர்களிடம் நேரில் கேட்க. யோஹானஸ் ஹூடே என்பவரின் தொகுப்பு அங்கே இருக்கிறது. கணித அறிஞர், பல முறை ஆம்ஸ்டர்டாம் மேயராக இருந்தவர், கம்பெனியின் இயக்குநர். கணக்கு தெரிந்தவரே அதிகார நாற்காலியில் உட்கார்ந்தால் கேள்விகள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க விரும்பினால் அவருடைய காகிதங்களைத் தவறவிடாதீர்கள்.

4. எழுத்தையும் சொல்லையும் பழகுங்கள்

17ஆம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தை இன்றைய டச்சு தெரிந்தவரே உடனே படித்துவிட முடியாது. தினம் ஒரு மணி நேரம் என்று நான்கு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். கணினி எழுத்துப்பெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலப் படத்தைப் படித்துப் பழகுவதுதான் எனக்குப் பலன் தந்த முறை. தெரிந்த வாக்கியங்களிலிருந்து தெரியாத எழுத்துக்குப் போகலாம்.

ஊர்ப் பெயர்களுக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். நாகப்பட்டினம் 'நாகபட்னம்' ஆகும், பழவேற்காடு 'பாலியாகட்டா' ஆகும், தூத்துக்குடி 'தூத்தகோரெய்ன்' ஆகும், யாழ்ப்பாணம் 'யாஃபனாபட்னம்' ஆகும், பரங்கிப்பேட்டை 'போர்ட்டோ நோவோ'. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். எல்லாவற்றையும் போட்டுத் தேட வேண்டும்.

தொழில் சொற்களில் ஒரு சொல் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. 'ஃபாப்ரீக்' என்றால் இன்றைய டச்சில் தொழிற்சாலை. கணினி மொழிபெயர்ப்பும் அப்படியே சொல்லும். ஆனால் அந்தக் காலத்தில் அது ஒரு *ஆள்*. கட்டுமான வேலைகளுக்குத் தலைமை மேற்பார்வையாளர். 'தொழிற்சாலை ஆளுநரிடம் முறையிட்டது' என்று மொழிபெயர்ப்பு வந்தால், அங்கே நீங்கள் தேடும் மனிதர் நிற்கிறார் என்று பொருள். 'இன்ஜெனியூர்' என்ற சொல் எல்லா இடத்திலும் வராது. 'லாண்ட்மேட்டர்' என்ற அளவையாளர், பீரங்கிப் படைக்காரர், தச்சு மேஸ்திரி, கப்பலின் முதல் மாலுமி என்று பல பெயர்களில் அதே வேலை நடந்திருக்கும்.

அளவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். வரைபடத்தின் அளவுகோல் பெரும்பாலும் 'ரைன்லாந்து கோல்' கணக்கில் இருக்கும். ஒரு கோல் 12 ரைன்லாந்து அடி, ஏறத்தாழ 3.77 மீட்டர். அந்த அடியை இன்றைய அடியாக எடுத்துக்கொண்டால் கோட்டை சுருங்கிவிடும்.

5. வரைபடமும் அறிக்கையும் வேறு வேறு இடத்தில் இருக்கும்

பொறியாளரின் அறிக்கையில் 'இணைப்பிலுள்ள வரைபடத்தில் காண்க' என்று இருக்கும். கட்டில் வரைபடம் இருக்காது. தொலைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டு வரைபடங்கள் 'லியூப்பே தொகுப்பு' என்ற பெயரில் தனிப் பட்டியலில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அதைத் தொகுத்த காப்பக அலுவலரின் பெயர் அது. எனவே இரண்டு பட்டியலையும் திறந்து வைத்துக்கொண்டு, அறிக்கையின் தேதி, ஊர், அதில் சொல்லப்படும் கொத்தளங்களின் பெயர் ஆகியவற்றை வைத்து நீங்களே சேர்க்க வேண்டும். நேரம் எடுக்கும் வேலைதான். ஆனால் இரண்டும் பொருந்துகிற அந்த நிமிடத்துக்காகவே இவ்வளவு பாடும் படலாம்.

வரைபடத்தில் பெயர் இருந்தால் உடனே அவரை ஆசிரியர் என்று எழுதிவிடாதீர்கள். பத்தாவியாவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் படி எடுத்து வரைந்தார்கள். பெயர் படி எடுத்தவருடையதாக இருக்கலாம். அதேபோல, வரைந்திருப்பதெல்லாம் கட்டியதும் அல்ல. அக்காலக் கோட்டை வரைபடங்கள் பலவற்றில் திட்டமிட்ட பகுதியை மஞ்சளிலும் கட்டி முடித்த சுவரைச் சிவப்பிலும் காட்டும் வழக்கம் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் பார்த்தவர்கள் இதில் ஏமாறுவார்கள்.

கடல் வரைபடம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை கம்பெனியின் ரகசியச் சொத்து. திரும்பி வந்த மாலுமிகள் வரைபடத்தையும் கப்பல் நாட்குறிப்பையும் ஒப்படைக்க வேண்டும். அவற்றைத் திருத்திச் சேர்க்க ஆம்ஸ்டர்டாமில் அதற்கென வரைபடக்காரர் ஒருவர் இருந்தார். 1633இல் வில்லெம் பிளாவ், 1638இல் அவர் மகன் யோவான் பிளாவ் அந்தப் பதவிக்கு வந்தார்கள். அதே குடும்பம் வெளியே அச்சிட்டு விற்ற அட்லஸ்களும் உண்டு. அச்சு வரைபடத்தை வைத்துக் கம்பெனிக்கு அன்று என்ன தெரியும் என்று முடிவு செய்யாதீர்கள். கம்பெனிக்குள் இருந்த கையால் வரைந்த படங்களைப் பாருங்கள்.

6. விசா, செலவு, நாள் கணக்கு

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு. 90 நாளுக்குள் போய் வருவதானால் ஷெங்கன் குறுகிய கால விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில வேளை 45 நாள்வரை போகும். என் ஆலோசனை: மூன்று மாதம் முன்பு கொடுத்துவிடுங்கள். நேர்முக நேரம் கிடைப்பதே கோடை நெருங்கினால் கடினம்.

கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாக, 2 வெற்றுப் பக்கம் உள்ளதாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், தங்குமிட முன்பதிவு, திரும்பும் பயணச்சீட்டின் முன்பதிவு, கல்லூரி அல்லது வேலையிடத்திலிருந்து விடுப்புக் கடிதம். விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஏறத்தாழ 9,000 ரூபாய். மறுத்தாலும் திரும்ப வராது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

என் விண்ணப்பம் இழுத்தடித்தது ஒரு சிறிய முரண்பாட்டால். என் ஆய்வு நெறியாளர் தந்த கடிதத்தில் மூன்று மாத ஆய்வு என்று இருந்தது. விண்ணப்பத்தில் நான் எழுதியது 21 நாள். எல்லாக் காகிதத்திலும் தேதி, நோக்கம், யார் செலவு செய்கிறார் என்ற மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதா என்று வேறொருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பகத்தில் செலவு மிகக் குறைவு. வாசிப்பறைக்குக் கட்டணம் இல்லை, உங்கள் கைப்பேசியில் படம் எடுக்கவும் கட்டணம் இல்லை. பணம் கரைவது தங்குவதில்தான். ஹேக்கில் அறை விலை அதிகம் என்றால் லெய்டனிலோ டெல்ஃப்டிலோ தேடுங்கள், இரண்டுமே ரயிலில் கால் மணி நேரத்துக்குள். காப்பகம் ஹேக் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, பக்கத்திலேயே தேசிய நூலகம்.

7. வாசிப்பறையில்

கடவுச்சீட்டைக் காட்டி வாசகர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டிய கட்டுகளை வருவதற்கு முன்பே இணையத்தில் பதிவு செய்யுங்கள். திறந்திருக்கும் நாள்களைப் புறப்படும் வாரம் ஒருமுறை மீண்டும் பாருங்கள். பை, பேனா, தண்ணீர் எல்லாம் வெளியே பூட்டறையில். பென்சில், மடிக்கணினி, கைப்பேசி மட்டும். படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது.

ஒவ்வொரு கட்டையும் படம் எடுக்கத் தொடங்கும்போது முதல் படமாகத் தொகுப்பு எண்ணும் கட்டு எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டை எடுங்கள். தாளின் முன்பக்கமா பின்பக்கமா என்பதையும் குறியுங்கள். பின்பக்கத்துக்குத் தனி எண் இருக்காது.

8. பெயர் இல்லாதவர்களைத் தேட

நாகப்பட்டினத்துக் கோட்டைக்கான செங்கல்லைச் சுட்டவரும், சுண்ணாம்பு அரைத்தவரும், சுவர் எழுப்பிய கொத்தரும் நம் ஊர்க்காரர்கள். ஐரோப்பியப் பொறியாளருக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு வரியாவது உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை. கூலிச் செலவு என்ற தலைப்பில் மொத்தத் தொகையாக வருவார்கள். 'கூலி' என்ற நம் சொல்லையே டச்சு எழுத்தில் எழுதியிருப்பார்கள், அதைப் போட்டுத் தேடுங்கள். கட்டுமானக் கணக்குகளில் நாள் எண்ணிக்கையும் தொகையும் சேர்ந்து கிடைத்தால் எத்தனை பேர் உழைத்தார்கள் என்று ஓரளவு கணக்கிடலாம்.

தேட வேண்டிய இன்னும் இரண்டு சொற்கள்: 'ஓலா', 'கவுல்'. ஓலா என்பது ஓலை. தமிழில் வந்த ஓலைக் கடிதங்களின் டச்சு மொழிபெயர்ப்புகள் இந்தச் சொல்லோடு கட்டுகளுக்குள் கிடக்கின்றன. கவுல் என்பது உள்ளூர் ஆட்சியாளர் தந்த உரிமை ஆவணம். தஞ்சை அரசரோடு கம்பெனிக்கு என்ன ஏற்பாடு இருந்தது, எதற்கு அனுமதி, எதற்குத் தடை என்பதற்கு அங்கேதான் பதில் இருக்கும். பொறியாளரின் திட்டம் ஆளுநர் குழுவில் மட்டும்தான் தடைபட்டது என்று நினைத்து நான் எழுதிய ஒரு முழு அத்தியாயத்தை, இந்தக் காகிதங்களைப் பார்த்த பிறகு மாற்றி எழுத வேண்டி வந்தது.

கடைசி இரண்டு நாளில் புதிய கட்டு எதையும் கேட்காதீர்கள். எடுத்த படங்களைத் திறந்து, மங்கியவை, விட்டுப்போன பக்கங்கள், தவறாகக் குறித்த தாள் எண்கள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். நான் ஒரு தீர்மானத்தின் பின்பக்கத்தை எடுக்காமல் திரும்பிவிட்டேன். வாக்களித்தவர்களின் கையொப்பங்கள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன.